உட்கார்ந்தே ஏரியைக் கடந்தோம்

அன்பு மகன் லயனலுக்கு அப்பா சொல்ல எழுதியது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் புந்தோங் வீட்டில் சுகமாக இருக்கிறோம், பெர்த்தில் நீயும் ஷாமினியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் மன்றாடுகிறோம். போனில் நீ என்னைப் பேசி முடிக்க விடுவதில்லை, அதனால் சர்ச் பாட்டுக்குழு செரீனாவை உட்காரவைத்துச் சொல்கிறேன், எழுத்து அவளுடையது, பேச்சு என்னுடையது, குறுக்கே பேசாமல் படி.

ஏரிப் பூங்காவில் நான் தண்ணீரில் விழுந்த வீடியோவை உன் சித்தப்பா மகன் ஜோனதன் அனுப்பியதும், அப்பா இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாய், அவளும் என் மோட்டர் சைக்கிள் சாவியை ஒளித்துவைத்துவிட்டாள். ஏன் விழுந்தேன் என்று நீ கேட்கவே இல்லை. ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது ஈயம் தோண்டிய குட்டையில் காலி பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டி, மேலே நின்று மூங்கிலால் ஊன்றித்தான் போவோம், அந்தப் பழக்கத்தில் காயாக் என்னும் ஒடுக்கமான துடுப்புப் படகிலும் எழுந்து நின்றேன். படகு வாடகைக்கு விடும் ரூபன், அங்கிள் உக்காருங்கலா, அது நின்னு ஓட்டுற சம்பான் இல்ல என்று கத்துவதற்குள் நான் தண்ணீரில், கைலி தனியாக மிதக்கிறது. உள்ளே கால்சட்டை போட்டிருந்தேன், அது வீடியோவிலேயே தெரியும். லைஃப் ஜாக்கெட் இருந்ததால் மூழ்கவில்லை. அதற்காக மற்றவர்கள் சைக்கிள் விடுவதையும் துடுப்புப் போடுவதையும் பார்த்துக்கொண்டு நான் பெஞ்சில் உட்கார்ந்து மீனுக்கு ரொட்டி போடுவதா? என்னோடு தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டிய தேவன் வேறு, கடல தாண்டிப் போன மகன் அப்பன கொளத்த தாண்ட விடமாட்டேங்கிறானே மச்சான் என்று தினமும் கிண்டல் செய்கிறான்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அம்மாவிடம், சாவி உன்னிடமே இருக்கட்டும், நான் பஸ்ஸில் போகிறேன் என்றேன். தனியாக விட மனமில்லாமல் அம்மாவும் கூட வந்தாள். ஏற்கெனவே கவிழ்ந்தவர் என்பதால் துணையில்லாமல் விடமாட்டேன் என்றார் ரூபன், தேவனுக்கோ முட்டி வீங்கி அவன் வரவில்லை. நான் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, கரையில் கிடந்த இரண்டு பேர் காயாக்கின் பின் இருக்கையில் உட்கார்ந்து, துணை வரும்வரை எழமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பின்னால் வரிசை நீண்டது. அம்மா குடைக்குள்ளிருந்து, லயனல் அப்பா, சர்ச் ஆளுங்க பாக்குறாங்க, எந்திரிச்சு வாங்க என்றாள். நான் அசையவில்லை. கடைசியில் குடையை ரூபன் கையில் திணித்துவிட்டு, நீங்க முழுகுனா லயனலுக்கு யாரு பதில் சொல்றது என்று திட்டிக்கொண்டே முன்னால் ஏறினாள். பாதி ஏரிவரை ஜெபம். பிறகு ஜெபம் நின்று, வலது பக்கம் தள்ளுங்க, தூங்காதீங்க என்று எனக்கு உத்தரவு வந்தது. அக்கரையில் சுண்ணாம்பு மலையின் அடியைத் தொட்டுவிட்டுத் திரும்பினோம், நான் ஒரு தடவைகூட எழவில்லை. நேரமாகிவிட்டது என்று ரூபன் விசில் ஊதினார். அவரு ஊதட்டும், இன்னொரு சுத்து போலாம் என்றாள் உன் அம்மா.

ஆகையால் மகனே, இது உன்னிடம் அனுமதி கேட்கும் கடிதம் இல்லை. இனி ஞாயிறுதோறும் போவோம். உன் பயம் எனக்குப் புரிகிறது, ஜாக்கெட் இல்லாமல் ஏறமாட்டேன், வானம் கறுத்தால் கரைக்கு வந்துவிடுவேன், இந்த வாக்கை நம்பு.

நீயும் வேலை வேலை என்று கிடக்காமல் பிள்ளைகளை வெயிலில் விளையாட விடு. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. டிசம்பரில் வரும்போது நனையத் தோதான உடுப்பு எடுத்து வா, முன் இருக்கையை மட்டும் கேட்காதே, அம்மா தரமாட்டாள்.

உன் அப்பா
யேசுதாசன்