நான்காம் தாளின் பின்பக்கம்

டிச. 20, திங்கள்

மழை. மூன்றாம் நாள். கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. வாளி ஒன்றுதான், அதனால் ஒரு ஒழுகலுக்கு மட்டும் மரியாதை.

நான் பாடம் நடத்தும் பள்ளியில் ஆண்டை ஜப்பான் கணக்கில் 2603 என்று எழுத வேண்டும். கரும்பலகையில் எழுதுகிறேன். இங்கே எழுத மாட்டேன். மணியும் தோக்கியோ மணி, நம் மணிக்கு முந்தி ஓடுவது. இருட்டோடு எழுந்து, பிள்ளைகளோடு கைகால் ஆட்டி, ஜப்பான் பாட்டு. இந்த நோட்டு அரிசி டின்னுக்குள். அரிசி இல்லாததால் இடம் தாராளம்.

சாயங்காலம் வே. அண்ணன் வந்தார். வேதநாயகம். கல்லூரியில் எங்களுக்கு மூத்தவர். இப்போது குளுவாங் ஸ்டேஷனில் டிக்கெட் கிழிக்கிறார்.

"லிசா, இந்த வருஷமும் மாநாடு உண்டு. இருபத்தேழாம் தேதி, நம்ம வீட்ல."

"யார் யாருண்ணே?"

"நீ, நான், சுந்தரம்."

"மூணு பேரு சேர்ந்தா மாநாடா?"

"மூணு பேரு இருக்கோம்ல, அதைப் பாரு லா."

பட்ட மேற்படிப்பு மாணவர் வருடாந்திர வரலாற்று மாநாடு. வாயில் நுழையாத பெயர். பட்டம் வாங்கி மேலே படித்துக்கொண்டிருந்தோம். சிங்கப்பூர் விழுந்தது, கல்லூரி மூடிவிட்டது. படிப்பு பாதியில். சண்டைக்கு முன் ரயில் ஏறி முப்பது பேர் வருவார்கள். போன வருடம் நான்கு பேர். நான்காவது ஆள் அந்தோணி, என் வீட்டுக்காரர்.

கூட்டம் கூட அனுமதி கிடைக்காது. கேட்டால் செபக்கூட்டம் என்று சொல்ல வேண்டுமாம்.

செய்ய வேண்டியவை:
கட்டுரை முடிக்க. தாள் தேட.
மகள் ரோசிக்குச் சட்டை (பழைய திரைச்சீலையில்).
பேன் பார்க்க. அவளுக்கும் எனக்கும்.

டிச. 22, புதன்

மழை விட்டு விட்டு. புதன்கிழமை என்றால் சுந்தரண்ணன், கல்லூரியில் கூடப் படித்தவர். காஹாங் ரப்பர் தோட்டத்தில் கிராணி வேலை, ஆள் கணக்கு எழுதுவது. சைக்கிளில் அவ்வளவு தூரம், மரவள்ளிக்கிழங்கு ஒரு சாக்கு கட்டிக்கொண்டு. ஆறு மாதமாக ஒரு வாரம் தவறவில்லை. அவர் தம்பி நடராஜன் போட்ட கிழங்கு. நல்ல மாவு.

"தங்கச்சி, புள்ளைக்குக் காய்ச்சல் இல்லியே?"

"இல்லண்ணே."

"மாநாட்டுல எனக்கு சிலுவை போடச் சொல்லித் தா. போலீஸ் வந்தா மாட்டிப்பேன்."

சொல்லித்தந்தேன். இடமும் வலமும் மாறிப்போகிறது. ரோசி சிரித்தாள். நாலு வயசுதான், ஞானஸ்நானம் கொடுக்கும் சாமியார் மாதிரி அவர் கையைப் பிடித்துத் திருத்தினாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை. நினைக்கிறேன். எங்களைக் கேட்க வேறு நாதி இல்லை.

அந்தோணியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது. ஜூனில் ரோசிக்கு மலேரியா. அவளைத் தூக்கிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். அந்தோணி காஹாங்கில். தோட்டப் பள்ளியை மூடிவிட்டதால் வாத்தியாரான அவருக்கும் ரப்பர் பால் மரம் வெட்டும் வேலை. ஆஸ்பத்திரியிலிருந்து காஹாங் திரும்பினால் வீடு பூட்டியிருந்தது. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் லாரியில் ஆள் ஏற்றியிருந்தார்கள். சுந்தரண்ணன்தான் சொன்னார்: "தானா பேரு குடுத்துட்டான் தங்கச்சி. நான் எவ்வளவோ தடுத்தேன்."

தானாக. பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது. ஒரு வரி எழுதி வைக்காமல்.

இரவுச் சாப்பாடு: கிழங்கு. உப்பு கொஞ்சம் மிச்சம்.

டிச. 25, சனி

பூசைக்குப் போனோம். குடில் இருந்தது, மாடு இல்லை; யாரோ பொம்மை மாட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாக்கியம் அக்கா காதோரம்: "அலமாக், அதைப் போய் சமைச்சா தின்னுவானுங்க?"

எல்லோரும் சயாம் போனவர்களுக்காக முழந்தாளிட்டார்கள். நானும். விட்டுப் போனவருக்கு என்னவென்று செபிப்பது. கோபம்கூட இல்லை இப்போது, மரத்துப்போன கால் மாதிரி இருக்கிறது.

சட்டை முடிந்தது. ஒரு கை நீளம் அதிகம்.

கட்டுரை: பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினேன். வே. அண்ணன் கல்யாணப் பத்திரிகைகளின் பின்னால் எழுதுகிறாராம். யாருக்கும் புதுத் தாள் இல்லை.

மாநாட்டுக்கு விதிகள் இரண்டு. கட்டுரையில் எதைச் சொன்னாலும் "எங்கே இருக்கு?" என்று எவரும் கேட்கலாம், ஆதாரத்தை மேசைமேல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வரியை அங்கேயே அடிக்க வேண்டும். இன்னொன்று: படித்த தாள் செயலாளரிடம் போகும், திரும்பி வராது. செயலாளர் நான்.

முதல் விதிக்கு அந்தோணி பைத்தியம். ஒருமுறை நூலக வாசலில், "உன்னைப் பிடிச்சிருக்கு" என்றார். "எங்கே இருக்கு?" என்றேன். பக்கத்தில் மேசை ஒன்று கிடந்தது. அதன்மேல் தன் கையை வைத்தார்.

எதற்கு இதை எழுதுகிறேன். ரோசிக்கு மறுபடி பேன்.

டிச. 27, திங்கள்

மாநாடு. காலை பத்து, தோக்கியோ மணி. மழை.

வே. அண்ணன் வீட்டு முன்னறை. மேசைமேல் மாதா படம், செபமாலை, அதன் கீழே எங்கள் கட்டுரைகள். வருகைப் பதிவு: வேதநாயகம், சுந்தரம், எலிசபெத். வராதவர் அந்தோணி. காரணம் என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டேன்.

வே. அண்ணன் முதலில், குளுவாங் ரயில் நிலையம் பற்றி. நான் இரண்டாவது. வாசலில் பூட்ஸ் சத்தம், உடனே முழந்தாள். சுந்தரண்ணன் வலது தோளை முதலில் தொட்டார். நல்ல வேளை, சத்தம் ரோட்டோடு போய்விட்டது. மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். நான் சிரித்து எத்தனை நாள்.

பிறகு சுந்தரண்ணன். காஹாங் சாலை போட்டவர்கள் பற்றி. வெளிச்சம் போதாமல் தாளைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படித்தார். நான் எதிரே. அவருக்கு முன்பக்கம், எனக்குப் பின்பக்கம். தோட்டத்துப் பெரட்டுத் தாள், காலையில் ஆள் பேர் கூப்பிட்டு எழுதுவார்களே, அது. முதல் மூன்று தாளில் பழைய பேர்கள், சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் தாள். மேலே: சயாம், இருபது ஆள். கீழே பெயர்கள். சுந்தரண்ணன் கையெழுத்து, கல்லூரியில் அவர் நோட்டைப் பார்த்து எத்தனை பரீட்சை எழுதியிருப்பேன். பதினான்காவது: நடராஜன். அவர் தம்பி. அந்தப் பேர்மேல் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே, சின்ன எழுத்தில்: அந்தோணி (பள்ளிக்கூடம்).

அவர் படித்துக்கொண்டே இருந்தார். சாலை போட்டவர்களில் பலர் காய்ச்சலில் செத்தார்கள் என்றார்.

"எங்கே இருக்கு?" வே. அண்ணன்.

அவர் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். சரியான ஆதாரம். வே. அண்ணன் தலையாட்டினார். ஐந்தாம் தாள்.

முடிந்ததும் தாள்களைத் தட்டி அடுக்கி என்னிடம் நீட்டினார். "இந்தா தங்கச்சி." வாங்கிக்கொண்டேன். காப்பி என்ற பெயரில் கருக்கின சோளத் தண்ணீர் குடித்தோம். நன்றியுரை நான். என்ன சொன்னேன் என்று தெரியவில்லை. வே. அண்ணன் நன்றாக இருந்தது என்றார்.

டிச. 28, செவ்வாய்

மழை இல்லை. துணி துவைத்தேன்.

நான்காம் தாளை மூன்று தடவை பார்த்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நடராஜன் என்றுதான் இருக்கிறது. அந்தோணி என்றுதான் இருக்கிறது. மற்றப் பத்தொன்பது பேருக்கும் பென்சில். அந்தோணிக்கு மட்டும் மை.

அழுகை வரும் என்று உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. ரோசி வந்து "என்னம்மா பாக்குற?" என்றாள். "அப்பா பேரு" என்றேன். "எங்க?" காட்டினேன். விரலை வைத்துத் தடவினாள். எழுத்து தெரியாது அவளுக்கு.

ஆறு மாதம் அந்தோணிமேல் வஞ்சம் வைத்திருந்தேன். அவர் எங்களை விட்டுப் போகவில்லை. எழுதிப் பார்க்கிறேன். அவர் எங்களை விட்டுப் போகவில்லை.

உயிரோடு இருக்கிறாரா என்று எந்தத் தாளிலும் இல்லை.

நேற்று வேகவைத்த கிழங்கில் பாதி மிச்சம். கொட்டலாம் என்று எடுத்தேன். கொட்டவில்லை. ரோசி தின்றாள், பிறகு நானும் தின்றேன்.

டிச. 29, புதன்

சுந்தரம் வந்தான். சாக்கோடு. வழக்கத்தைவிடப் பெரிய சாக்கு. முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது, அவனுக்கு நினைவு வந்துவிட்டது.

"தங்கச்சி, அந்தக் கட்டுரையை ஒரு நாளைக்குக் குடு. நகல் எடுத்துட்டுத் தந்துடறேன்."

"படிச்ச தாள் திரும்பி வராதுண்ணே. விதி."

உட்கார்ந்தான். எழுந்தான். சைக்கிள் மணியை ஏனோ ஒரு தரம் அடித்தான்.

"பின்பக்கம் பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"நடராஜனுக்குக் கல்யாணமாகி ரெண்டு மாசம் தங்கச்சி. அழுதுகிட்டு நின்னான். அந்தோணிதான், அவனா வந்து, என் பேரைப் போட்டுக்க, நான் போறேன்னான். மாரியாத்தா சத்தியமா. அவன் கொணம் உனக்குத் தெரியாதா?"

தெரியும். அந்தோணி அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான். ஒரு நிமிடம் நம்பப் பார்த்தேன்.

"எங்கே இருக்கு?" என்றேன்.

அவன் மேசையைப் பார்த்தான். மேசைமேல் ரோசியின் சட்டை, ஒரு தட்டு, இங்க் புட்டி. கையைப் பைக்குள் விட்டு எடுத்தான், வெறும் கை. அதை மேசைமேல் வைக்கவில்லை. சாக்கை வாசலிலேயே விட்டுவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். ஏறக்கூட இல்லை.

மாநாட்டு நடவடிக்கைக் குறிப்பில் விட்டுப்போன கட்டத்தை நிரப்பினேன். அந்தோணி. வரவில்லை. காரணம்: பெயர் மாற்றி எழுதப்பட்டது. ஆதாரம்: சுந்தரம் கட்டுரை, நான்காம் தாள், பின்பக்கம்.

பிறகு இந்த நோட்டிலேயே ஜூன் மாதப் பக்கத்தைத் தேடினேன். இருந்தது, என் கையெழுத்தில்: தானாகவே பெயர் கொடுத்துவிட்டுப் போனார். ஆதாரம் இல்லை. அந்த வரியை அடித்தேன்.