நான்காம் கூண்டின் மீன்

ஹெஸ்தேய் தீவு
9 பிப்ரவரி 2004

குன்வோருக்கு,

‘அன்புள்ள’ என்று ஆரம்பித்தேன். எழுதிய எனக்கே சிரிப்பு வந்தது, அடித்துவிட்டேன். போன் செய்தால் நான் கத்துவேன், நீ பட்டென்று வைத்துவிடுவாய். இரண்டு வருஷமாக அதுதானே நடக்கிறது. கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. படித்துத் தொலை.

என் மீன்கள் சாகின்றன. போன வாரம் மீன்மேல் ஒட்டுகிற கடல் பேனை உதிர்க்க மருந்துக் குளியல். வலையைத் தூக்கி மீன்களை நெருக்கி, கூண்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, மருந்து ஊற்றி, அரை மணி நேரம் கழித்து அவிழ்த்துவிட்டோம். இருபது வருஷமாகச் செய்கிற வேலை. அன்றைக்கு எல்லாம் நன்றாகத்தான் நீந்தின. மூன்றாம் நாள் மிதக்க ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய கூண்டுகளில் இதுவரை பதினோராயிரம். காலையில் படகில் போனால் தண்ணீர் தெரியவில்லை, வெள்ளை வயிறுதான் தெரிகிறது.

மீன் டாக்டர் தோர்டிஸ் வந்து பத்துப் பன்னிரண்டு மீனைக் கிழித்துப் பார்த்தாள். “மீன் கொழுகொழுன்னுதான் இருக்கு ஆஸ்முண்ட். ஆனா இந்த இதயத்தப் பாரு, கொழுப்புல பொதிஞ்சு, வெளிறிப்போய். ஒரு அதட்டலுக்குக்கூடத் தாங்காது இது” என்றாள். என்ன தின்றது என்று கேட்டாள். என்ன தின்றது? உன் ஆலையில் நீ கணக்குப் போட்டுச் செய்த புது ‘வடகடல்’ தீவனத்தைத் தின்றது. செப்டம்பரில் முதல் மூட்டையைப் பிரித்தபோதே மோந்து பார்த்தேன். மீன் வாசனையே இல்லை. மஞ்சள் பூ வயலில் விளைகிற ராப்ஸ் எண்ணெய் வாசனை. கடல் மீனைச் சைவமாக்கக் கிளம்பியவள் நீ.

முதலாளி ஸ்டைனார் மார்ச் முதல் வாரம் வருகிறான். போனில் சொல்லிவிட்டான்: “தீவனம் சரியில்லையா, போட்டவன் சரியில்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு. ரெண்டாவதுன்னா நீ கெளம்பு.” மீன் எண்ணெயை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டோம் என்று ஒரு வரி எழுதிக் கொடு. என் வேலை தப்பும்.

கிறிஸ்துமஸுக்கு அரை மீன் அனுப்பினேனே, கிடைத்தது என்றாவது சொல்லியிருக்கலாம்.

ஆஸ்முண்ட்


பெர்கன்
14 பிப்ரவரி 2004

ஆஸ்முண்டுக்கு,

இறந்த மீன் கணக்கை உங்கள் பண்ணை எங்களுக்கும் அனுப்பும் என்பதை மறந்துவிட்டாய். படித்தேன். ஒன்று, இரண்டு, மூன்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினாய். நான்கு எங்கே போனது? நான்காம் கூண்டில் எட்டாயிரம் மீன்கள். செத்தவை நாற்பது. அதே தீவனம், அதே கடல், அதே மருந்து, அதே நாள். தீவனம் விஷம் என்றால் அந்த எட்டாயிரமும் என்ன விரதமா இருந்தன?

ஆக, தவறு உன் கையில். குளியலுக்கு முன் மூன்று நாள் பட்டினி போட்டாயா? வலையை அளவுக்கு மீறி நெருக்கினாயா? நீ அவசரக்காரன். படகுக்காரன் ஹாரன் அடித்தால் உனக்குக் கை கால் ஓடாது.

என் தீவனத்தில் ஒரு குறையும் இல்லை. நூறு கிராமில் ஒரு கிராம் கடல் ஒமேகா-3. மீனுக்கு உடம்பில் தானாகச் செய்துகொள்ள முடியாதது அந்த ஒரு கிராம்தான், அதைக் கொடுத்துவிட்டோம். மீதிக் கொழுப்பு வெறும் எரிபொருள், அது ராப்ஸிலிருந்து வந்தால் என்ன, எங்கிருந்து வந்தால் என்ன? எங்கள் தொட்டிகளில் ஒரு வருஷம் வளர்த்துப் பார்த்தோம். ஒரு மீன்கூட முகம் சுளிக்கவில்லை. உலகத்தில் இருக்கிற நெத்திலியையெல்லாம் பிழிந்தாலும் இனி எல்லாப் பண்ணைக்கும் எண்ணெய் போதாது என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? நீ கேட்கவே இல்லை. “பொம்பள கம்ப்யூட்டர்ல மீன் வளக்கறா”ன்னு படகுத்துறையில் எல்லார் முன்னாலும் சொன்ன ஆள்தானே நீ. நான் பெட்டியைக் கட்டியது அந்த வாரம்தான், ஞாபகம் இருக்கிறதா?

அந்த மீனை நான் தின்னவில்லை. “தின்னு பாரு, மீனுன்னா என்ன ருசின்னு தெரியும்” என்று அட்டையில் எழுதி அனுப்பினால் யாருக்குத் தொண்டையில் இறங்கும்? ஃப்ரீசரின் அடியில் கிடக்கிறது.

விவாகரத்துப் படிவம் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடு. என் பெரிய ஜாம் பாத்திரத்தையும் அனுப்பு. மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

குன்வோர்


ஹெஸ்தேய்
18 பிப்ரவரி 2004

குன்வோருக்கு,

முழுதாக மூன்று நாள் பட்டினி போட்டேன். தோர்டிஸைக் கேள். குடலில் ஒரு பருக்கை இல்லை. என் கையைக் குறை சொல்லாதே. நீ தொட்டியில் மீன் வளர்க்கப் படிப்பதற்கு முன்பிருந்தே இந்தக் கை கடலில் இருக்கிறது.

நான்காம் கூண்டைப் பற்றிப் பேச்சை எடுக்காதே. அது காற்று மறைவில் நிற்கிறது, அலை குறைவு. அதனால் பிழைத்தது. அவ்வளவுதான். அதை வைத்து ஸ்டைனாருக்கு ஏதாவது எழுதிக் கிழித்துவிடாதே.

நேற்று இன்னும் எழுநூறு. கொட்டகைக்குள் நாற்றம் தாங்கவில்லை. பக்கத்துத் தீவுகளில் இன்னும் மூன்று பண்ணைகள் உன் தீவனத்தைத்தான் போடுகின்றன. ஈஸ்டருக்கு முன்னால் அவர்களுக்கும் குளியல். அவர்கள் மீன் மிதக்கும்போதும் “தொட்டியில முகம் சுளிக்கல”ன்னு சொல்லிப் பார்.

பாத்திரத்தை இப்போது தர முடியாது. படிவத்தைப் பிறகு பார்க்கலாம்.

அந்தக் கிறிஸ்துமஸ் மீன் பழசாகியிருக்கும். தின்னாதே, பூனைக்குப் போட்டுவிடு.

ஆஸ்முண்ட்


பெர்கன்
3 மார்ச் 2004

ஆஸ்முண்டுக்கு,

எனக்குப் பூனை கிடையாது. அது உனக்குத் தெரியும்.

நான்காம் கூண்டு காற்று மறைவிலா? பதினாறு வருஷம் அந்தச் சமையலறை ஜன்னலில் நின்று பாத்திரம் தேய்த்தவள் நான். வடமேற்குக் காற்று முதலில் அறைவது நான்காம் கூண்டைத்தான். உனக்குப் பொய் சொல்லவும் வராது, ஒழுங்காகச் சண்டை போடவும் வராது. அந்த வரியைப் படித்ததும் எழுந்துபோய் ஃப்ரீசரைத் திறந்தேன். மேல் தாளில் நீயே பென்சிலால் ‘4’ என்று எழுதியிருந்தாய். முதுகுத் துடுப்புக்குப் பின்னால் ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கூடத்துக்குக் கொடுத்தேன்.

மீன் எதைத் தின்றதோ, அதன் கொழுப்பு அப்படியே அதன் சதையில் உட்கார்ந்திருக்கும். அதை மறைக்க உன்னாலும் ஆகாது, என்னாலும் ஆகாது. உன் மீனில் இருபத்திரண்டு கார்பன் நீளத்துக்கு ஒரு கொழுப்பமிலம் இருக்கிறது. அது நம் பக்கத்துக் கடலின் ஹெர்ரிங் மீனில் ஏராளம். எங்கள் ஆலை வாங்குவதோ பெரு நாட்டு நெத்திலி எண்ணெய். அதில் அது கிடையாது. ராப்ஸிலும் கிடையாது. கடல் ஒமேகா-3 என் கணக்கைவிட மூன்று மடங்கு. நீ நான்காம் கூண்டுக்குத் திருட்டுத்தனமாக ஹெர்ரிங் எண்ணெய் கலந்திருக்கிறாய்.

அடப்பாவி. செப்டம்பரிலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொல்லமாட்டாய். பிப்ரவரியில் ஒரு கூண்டைக் காட்டி என் மூக்கை உடைக்க வேண்டும். அதற்காக மற்ற மூன்று கூண்டுகளையும் என் தீவனத்திலேயே விட்டுவைத்தாய்.

எனக்கு உன்மேல் எவ்வளவு ஆத்திரமோ அவ்வளவு என்மேலும். ஒரு கிராம் போதும் என்று சொன்னது தொட்டியை வைத்து. அங்கே அலை இல்லை, பேன் இல்லை, தார்ப்பாய் இல்லை, யாரும் அவற்றை நெருக்கவில்லை. சும்மா சாப்பிட்டுச் சும்மா நீந்துகிற மீனுக்கு ஒரு கிராம் போதும். அடி வாங்குகிற மீனுக்குப் போதாது. கடலில் ஒரு குளிர்காலம் சோதித்துவிட்டு விற்கலாம் என்று என் குறிப்பேட்டில் நானே எழுதியிருக்கிறேன். பிறகு நீ படகுத்துறையில் பேசியது ஞாபகம் வந்தது. இந்த வருஷமே உன் பண்ணையிலேயே போட்டுக் காட்டுகிறேன் பார் என்று தோன்றியது. காட்டிவிட்டேன்.

எங்கள் ஆலைத் தலைவரிடம் சோதனைத் தாளைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “பிரமாதம்! அனுமதி இல்லாம எண்ணெய் கலந்திருக்கான்னு ஒரு அறிக்கை எழுதுங்க. அந்தப் பண்ணையில நடந்த எதையும் இனிமே யாரும் நம்ப மாட்டாங்க. நம்ம தீவனத்தப் பத்திப் பேச்சே வராது” என்றார். வெள்ளிக்கிழமைக்குள் எழுத வேண்டும்.

பொய் இல்லாத அறிக்கைதான். உன் வேலை போகும், என் வேலை நிற்கும். என்ன எழுதப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மூன்று இரவாகத் தூங்கவில்லை.

குன்வோர்


ஹெஸ்தேய்
5 மார்ச் 2004

குன்வோர்,

உன் கடிதம் இன்று மதியப் படகில் வந்தது. அதற்கு முன்பே, காலையில், ஸ்டைனார் வந்தான். நானே சொல்லிவிட்டேன். நீ காட்டிக்கொடுப்பாய் என்று பயந்து சொன்னதாக நினைத்துக்கொள்ளாதே. மூன்றாம் கூண்டின் வலையைத் தூக்கும்போது அவன் பக்கத்தில் நின்று, “நாலு மட்டும் எப்படிப்பா தப்பிச்சுது?” என்று கேட்டான். காற்று மறைவு என்று சொல்ல வாய் வரவில்லை.

“எண்ணெய் கலந்தேன்.”

“என்னது? என்கிட்ட கேட்டியா?”

“கேட்டா விட்டிருப்பியா?”

“விட்டிருக்க மாட்டேன்.”

“அதான் கேக்கல.”

“அப்ப மத்த மூணையும் ஏண்டா சாக விட்ட?”

ஒரே ஒரு சிமெண்ட் கலவை மிஷின்தான் இருந்தது, நாளைக்கு நாலு மூட்டைக்கு மேல் முடியாது, எண்ணெய் பூசிய தீவன உருண்டை அதை ஊதித் தள்ளும் காற்றுக் குழாயை அடைத்துக்கொள்ளும், அள்ளி அள்ளிக் கையால்தான் வீச வேண்டும் என்றெல்லாம் உளறினேன். எல்லாம் நிஜம்தான். ஆனால் காரணம் அது இல்லை. காரணம் நீ எழுதியதுதான். உன் மூக்கை உடைக்கத்தான். பதினோராயிரம் மீனையும் மேசையில் கொட்டி “பாருடி” என்று சொல்ல ஆசைப்பட்டேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஸ்டைனார் கை நீட்டினான். சாவியை வைத்துவிட்டேன். இருபது வருஷம் அரை நிமிஷத்தில் முடிந்தது. இந்த மாதக் கடைசிக்குள் வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

இன்று வெள்ளிக்கிழமை, அறிக்கையை உன் இஷ்டப்படி எழுதியிருப்பாய். எனக்கு இனிப் போக ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் அந்த மூன்று பண்ணைக்கும் இப்போதே சொல்லு. குளியலுக்குத் தார்ப்பாய் ஏற்றிக்கொண்டு படகு கிளம்பிவிட்டால் அப்புறம் நீ தலைகீழாக நின்றாலும் நடக்காது. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, அந்த மீன்களைச் சாகவிடாதே.

ஆஸ்முண்ட்


பெர்கன்
15 மார்ச் 2004

ஆஸ்முண்ட்,

உன் கடிதம் வருவதற்கு முன்பே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. நானும் உனக்குப் பயந்து எழுதவில்லை, தெரிந்துகொள்.

இரண்டையும் எழுதினேன். நீ கலந்ததையும், என் தீவனத்தில் குறைந்ததையும். அதன் நகலை மூன்று பண்ணைக்கும் தபாலில் போட்டுவிட்டுத்தான் தலைவரின் மேசையில் வைத்தேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினார். “உங்க புருஷனக் காப்பாத்த நம்ம ஆலையக் கவுத்துட்டீங்களே!” உன்னை நான் காப்பாற்றவில்லை, உன் பெயரும் அதில் இருக்கிறது என்றேன். திங்கட்கிழமை விற்பனையை நிறுத்தினார்கள். என்னைத் தீவனப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். கிடங்கில் மூட்டை எண்ணுகிறேன். மூன்று பண்ணையும் குளியலைத் தள்ளிப் போட்டிருக்கின்றன. ஒரு மீன்கூட மிதக்கவில்லை என்று தோர்டிஸ் போன் செய்தாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. நான் மன்னிப்புக் கேட்பதாகவும் நினைக்காதே.

ஒன்று வேண்டும். அந்த மூன்று பண்ணைக்கும் உடனே மாற்றுத் தீவனம் செய்ய வேண்டும். என் இடத்துக்கு வந்த பையனுக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை, ரகசியமாக என்னிடம் வந்து நிற்கிறான். கடலில், குளிர்காலத்தில், குளியலையும் தாங்கிப் பிழைத்த கூண்டு எனக்குத் தெரிந்து உன்னுடையது ஒன்றுதான். மூட்டைக்கு எவ்வளவு எண்ணெய்? எந்தத் தேதியிலிருந்து? எப்படிக் கலந்தாய்? சரியாக எழுது. வழக்கம்போல ‘ஒரு கை அளவு’ என்று எழுதினால் கொன்றுவிடுவேன்.

படிவத்தையும் அனுப்பு. பாத்திரத்தையும்.

குன்வோர்


ஹெஸ்தேய்
22 மார்ச் 2004

அன்புள்ள குன்வோர்,

இந்தத் தடவை அடிக்கவில்லை. கோபப்படாதே, கடைசிக் கடிதம்தானே.

இருபத்தைந்து கிலோ மூட்டைக்கு ஒன்றரை லிட்டர். நாளைக்கு நாலு மூட்டை. செப்டம்பர் 10 முதல் குளியலுக்கு மூன்று நாள் முன்பு வரை, ஒரு நாள் விடாமல். மொத்தம் ஐந்து பீப்பாய், அடியில் கொஞ்சம் மிச்சம். குளிரில் எண்ணெய் கட்டியாகிவிடும், வெதுவெதுப்பாகச் சூடாக்கித்தான் ஊற்ற வேண்டும். கொதிக்கவிட்டால் கெட்டது. மிஷின் பத்து நிமிஷம் சுற்ற வேண்டும், அதற்கு மேல் சுற்றினால் உருண்டை உடையும். ‘கை அளவு’ இல்லை, அளந்த கணக்கு. அந்தப் பையனிடம் உன் கணக்கு என்றே சொல், எனக்கு ஒன்றும் இல்லை.

சாவி கொடுப்பதற்கு முந்தின நாள் நான்காம் கூண்டுக்குக் கடைசியாக ஒரு வாளி வீசினேன். தண்ணீர் கொதிக்கிற மாதிரி மேலே வந்தன. உன்னைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. சண்டைக்கு இல்லை, சும்மாதான்.

இத்தோடு ஒரு பெரிய பார்சல் வரும். உன் ஜாம் பாத்திரம். வீட்டிலேயே பெரிய பாத்திரம் அது ஒன்றுதான். ஐந்து மாதம் அதில்தான் எண்ணெய் சூடாக்கினேன், அதனால்தான் தரவில்லை. சோடா உப்பு, மணல், சாம்பல், எல்லாம் போட்டுத் தேய்த்துவிட்டேன். ஹெர்ரிங் நாற்றம் போகமாட்டேன் என்கிறது.

படிவம் பாத்திரத்துக்குள் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மூடியைத் திறக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்.

ஆஸ்முண்ட்