குழம்பில் விழுந்த அல்லிக் கிழங்கு

3, திங்கள்
காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. என் வீட்டுக்காரரோடு பேசாமல் ஆறாவது நாள். என்னைக் கேட்காமல் என் எலுமிச்சை மரத்தை வெட்டி, அந்த இடத்தில் குளம் தோண்டிய மனுஷன். முழுப்பெயர் எழுதவும் மனமில்லை. இனி இங்கே வெறும் அ.

பக்கத்து வீட்டுச் செல்வி: "அண்ணன் பாவம்லா. பேசுங்கக்கா."

4, செவ்வாய்
சமையல் மேசையில் ஈரப் பேப்பரில் இரண்டு கிழங்கு. அ. வாங்கி வைத்த லெங்குவாஸ் இஞ்சி என்று நினைத்து ஒன்றை நறுக்கிக் கோழிக் குழம்பில் போட்டேன். வாசனையே இல்லை. ரந்தாவ் பாசார் கடையில் நன்றாக ஏமாந்திருக்கிறார். சந்தோஷம்.

மாலையில் அ. மேசைக்கு அடியில்கூடத் தேடினார். பிறகு வேலியோரம் போய், "செல்வி, உங்கக்காகிட்ட கேளு. அல்லிக் கிழங்கு ரெண்டு வச்சேன். ஒன்னுதான் இருக்கு."

செல்வி என்னிடம் மெதுவாக, "எங்கக்கா அது?"

"குழம்புல."

செல்வி அவசரமாகப் போனில் தேடிப் பார்த்து, சாப்பிடலாமாம் என்றாள். அதற்குள் அ. இரண்டு தட்டு சாப்பிட்டு முடித்திருந்தார். இருமும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன்.

5, புதன்
வெயில். குப்பையைக் கிளறினேன். முளையுள்ள நுனி கிடைத்தது. தண்ணீரில் போட்டு ஒளித்துவைத்தேன்.

அ. மற்றக் கிழங்கை பிளாஸ்டிக் பேசினில், கடையில் விற்கும் பூச்செடி மண்ணில் நட்டு, குளத்தில் இறக்கினார். மண் முழுக்க மிதந்தது. தண்ணீர் பால் விடாத கோப்பி-ஓ நிறம். நடுவில் கிழங்கு. முழங்கால் தண்ணீரில் கைலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சொல்லாமலிருக்க முடியாமல் நாக்கு அரித்தது. செல்வியிடம், "களிமண் போடச் சொல்லு. மேல சின்னக் கல்லு. முளை வெளிய தெரியணும்."

"நான் என்ன தபால்காரியா? நீங்களே சொல்லுங்கலா."

6, வியாழன்
கால்வாய் ஓரம் களிமண் வெட்டினேன். அ. வந்து வாளியைத் தூக்கினார். ஆளுக்கொரு பேசின். ஒளித்துவைத்திருந்த கிழங்குத் துண்டை எடுத்து நட்டேன்.

"வெட்டுன மாதிரி இருக்கே," என்றார்.

"மீதிய செவ்வாக்கிழமை நீங்கதான் சாப்டீங்க."

களிமண்ணை அழுத்திக்கொண்டே, "நல்லாதான் இருந்துச்சு."

சிரித்துத் தொலைத்தேன். குளம் எதற்கு என்று கேட்டேன். சிரம்பானில் ஒரு கல்யாண மண்டபத்தில் அல்லித் தொட்டியைப் பார்த்து, நம் வீட்டிலும் இருந்தால் நன்றாயிருக்கும் என்றேனாம். எனக்கு ஞாபகமே இல்லை.

"அத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா மரத்த வெட்ட விட்டிருப்பியா?"

என் பேசினில் கல்லை அடுக்கினேன். "கேக்காம வெட்டுனது தப்புதான், ரோசா," என்றார், மண்ணைப் பார்த்தபடி.

16, ஞாயிறு
மாதா கோயில் பூசைக்குக் கிளம்பும் முன் பார்த்தேன். என் பேசினில் இரண்டு இலை, சிவப்பாக, உள்ளங்கை அளவு. அ. பேசினில் வெறும் கல். கல்லை விலக்கி விலக்கிப் பார்த்தார். எனக்கே பாவமாக இருந்தது.

பாசார் போய்விட்டு வந்தால் பேசின் இரண்டும் இடம் மாறியிருக்கிறது. அ. வேலியோரம் செல்வியைக் கூப்பிட்டு, "என்னோடது எப்படி வந்திருக்கு பாரு" என்று காட்டிக்கொண்டிருக்கிறார். கைலி முழங்கால் வரை ஈரம்.

நானும் போய்ப் பார்த்து, நல்லா வந்திருக்கு என்றேன்.