ஆக்னஸ் ஏன் கூப்பிடவில்லை?

பெருநகர்
15.9.2024

அன்புள்ள கீர்த்திக்கு,

பரிமளா எழுதுவது. நான் இங்கே நலம். உன் அப்பா அறுப்பு மெஷினோடு தஞ்சாவூர்ப் பக்கம் போயிருக்கிறார். அவரும் நலம் என்று நேற்று போனில் சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமை விடுதி போனில் அவரோடு பேசியபோது உன் இங்கிலீஷ் கதைப் புத்தகத்தை அனுப்பச் சொன்னாயாமே. பீரோ மேலே நீல அட்டை போட்டது, அதுதானே?

எடுத்தேன். தூசி தட்டினேன். அதோடு நிற்காமல் பிரித்தும் பார்த்துவிட்டேன். ஷூ கம்பெனி பஸ்ஸில் போக ஒரு மணி, வர ஒரு மணி. மற்றவர்கள் போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள், இல்லாவிட்டால் தூங்குவார்கள். நான் பத்தாவதோடு நின்றவள். முதல் பக்கத்தை முடிப்பதற்குள் செய்யாறு வந்துவிட்டது. ஆனாலும் அம்மா இறந்துபோன ஒரு பெண்ணைப் படகில் ஏற்றி, ஏதோ ஒரு தீவில் இருக்கிற சொந்தக்காரி வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று புரிந்தது. அவள் பேர் ஐவி. நம் பக்கத்தில் இப்படி ஒரு பேரை நான் கேட்டதே இல்லை.

ஒன்று கேட்கலாமா? உனக்கு அவசரமில்லை என்றால் நான் படித்துவிட்டுத் தருகிறேன். அந்தத் தீவில் அவள் என்ன செய்யப்போகிறாள் என்று தெரியாமல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் தையல் கோணிக்கொண்டு போகிறது. 'ரிலக்டன்ட்' என்று ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு மட்டும் அர்த்தம் எழுது.

உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். பிழை இருந்தால் சிரிக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

பரிமளா

காஞ்சிபுரம்
22.9.2024

வணக்கம்.

புத்தகம் அவசரமில்லை. நான் படித்ததுதான். நீங்களே வைத்திருங்கள்.

ஆனால் அர்த்தம் சொல்ல மாட்டேன். அதை எனக்குப் பரிசாகக் கொடுத்த வகிதா மிஸ் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். புது வார்த்தை வந்தால் போனில் தேடக் கூடாது, யாரையும் கேட்கக் கூடாது. மேலே இரண்டு வரி, கீழே இரண்டு வரி படித்துவிட்டு, இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து ஓரத்தில் பென்சிலால் எழுத வேண்டும். அதே வார்த்தை அடுத்த முறை வரும்போது ஊகம் சரியா தப்பா என்று அந்த இடமே சொல்லிவிடும். நான் எழுதியதை எல்லாம் அழித்துவிட்டேன். காப்பி அடிக்க முடியாது.

ஐவி படகில் ஏறும் இடத்தையும், தீவில் அந்த ஆக்னஸ் ஆன்ட்டி கொடுக்கும் சூப்பை அவள் குடிக்கும் இடத்தையும் சேர்த்துப் படியுங்கள். புரியும்.

நீங்கள் இங்கிலீஷ் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது.

கீர்த்தி

பெருநகர்
13.10.2024

அன்புள்ள கீர்த்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உத்திரமேரூர் போனபோது மக்பூல் பாய் கடையில் பென்சில் வாங்கிவிட்டேன். "யாருக்குமா, பாப்பாவுக்கா?" என்றார். எனக்குத்தான் என்றேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ரப்பரையும் சேர்த்துக் கொடுத்தார்.

ரிலக்டன்ட் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று வாயால் சொல்லாமல், மனசும் இல்லாமல் ஒன்றைச் செய்வது. நீ லீவுக்கு வரும்போது நான் வைத்த மீன் குழம்பை அரைக் கரண்டி ஊற்றிக்கொள்வாயே, அதேதான். கோபித்துக்கொள்ளாதே. உதாரணம் இருந்தால்தான் எனக்கு மனசில் நிற்கும்.

உன் மிஸ்ஸின் சட்டத்தை மட்டும் என்னால் காப்பாற்ற முடியவில்லை. பக்கத்து சீட் சோபியா பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா, எப்பப் பாரு இந்த புக்கையே வச்சிக்கினு கீற? கதை இன்னா, எனுக்கும் சொல்லேன்" என்றாள். சொன்னேன். முன் சீட்டும் பின் சீட்டும் திரும்பிவிட்டன. டிரைவர் ஆல்பர்ட் அண்ணன் பாட்டையே நிறுத்திவிட்டார். இப்போது தினமும் காலையில் நான் கதை சொல்லாவிட்டால் பஸ் கிளம்பாது போலிருக்கிறது. புது வார்த்தைக்கு அர்த்தமும் எல்லோரையும் கேட்டுத்தான் ஊகிக்கிறேன்.

இதில் ஒரு சண்டை வந்துவிட்டது. "அந்த ஆக்னஸ் அந்தப் பொண்ணுக்கு இன்னா மொறை?" என்று தேவகி அக்கா கேட்டாள். புத்தகத்தில் ஆன்ட் என்றுதான் போட்டிருக்கிறது என்றேன். "ஆன்ட்டுன்னா? அத்தையா, பெரிம்மாவா, சித்தியா, மாமியா? மொறை தெரியாம எப்டிம்மா கதை கேக்கறது? அத்தைன்னா உரிமையா திட்டுவா. பெரிம்மான்னா அம்மா மாரி. சித்தின்னா அது வேற கதை" என்றவள், என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எங்கேயும் எழுதவில்லை. கடைசியில் பஸ் முழுக்கச் சேர்ந்து ஆக்னஸ் சித்திதான் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. தட்டை வைத்துவிட்டு, அந்தப் பெண் சாப்பிடுகிறாளா என்று கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கிறாளே, அதனால்தான்.

'லிங்கர்' என்பதற்குச் சோபியாவின் ஊகம், "கல்யாணம் முடிஞ்சி பந்தலைப் பிரிச்ச அப்பாலயும் போவாம குந்திக்கினு கீற சொந்தக்காரன்." சரியா? ஆக்னஸ் யார் என்று உனக்காவது தெரியுமா?

தீபாவளிக்கு வருவாய் அல்லவா?

பரிமளா

காஞ்சிபுரம்
10.11.2024

பரிமளா சித்திக்கு வணக்கம்.

லிங்கர் சரி. சோபியா அக்காவுக்கு நூற்றுக்கு நூறு போட்டுவிட்டேன்.

உங்கள் கேள்வியை இங்கே சாப்பாட்டு வரிசையில் கேட்டுத் தொலைத்தேன். விடுதியே இரண்டாகப் பிரிந்துவிட்டது. வகிதா மிஸ்ஸிடம் போனோம். அவர் சிரித்துவிட்டு, "கதை எழுதினவங்களுக்கு அது தேவைப்படல. உங்களுக்குத் தேவைப்படுதுன்னா நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றார். நானும் யோசித்துப் பார்த்தேன். ஆக்னஸ் கதவுக்குப் பின்னால் நிற்கும் இடத்தில் அவள் வேவு பார்க்கிறாள் என்றுதான் ஊகித்திருந்தேன். சாப்பிடுகிறாளா என்று பார்ப்பதாகவும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தீபாவளிக்கு வாலாஜாபாத்தில் தாமோதரன் மாமா வீட்டுக்குப் போய்விட்டேன். அப்பா சொல்லியிருப்பார். அம்மாவின் அண்ணன் கூப்பிட்டால் எப்படி மறுப்பது? பத்தாவது முடிந்ததும் அவர்கள் வீட்டிலேயே தங்கிப் பிளஸ் ஒன் படிக்கச் சொல்கிறார். மாடியில் எனக்குத் தனி அறை தருவார்களாம். பொங்கலுக்குள் சொல்லச் சொன்னார். அப்பாவைக் கேட்டால், "உன் இஷ்டம்மா" என்கிறார். உங்களுக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

கீர்த்தி

பெருநகர்
24.11.2024

அன்புள்ள கீர்த்திக்கு,

உன் மாமா நல்ல மனிதர். எனக்கென்ன ஆட்சேபம்? உனக்கு எங்கே வசதியோ அங்கே படி. இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. செய்யாற்றில் தண்ணீர் போகிறது. பஸ் சுற்றிக்கொண்டு போவதால் கூட இரண்டு பக்கம் படிக்க முடிகிறது. 'க்ரட்ஜ்' என்றால் பழசை மனசிலேயே வைத்துக்கொண்டிருப்பது என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

ஈரத்தலையோடு படுக்காதே.

பரிமளா

காஞ்சிபுரம்
8.12.2024

வணக்கம்.

க்ரட்ஜ் சரி.

மாமாவிடம் வருகிறேன் என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். பொங்கலுக்கு வீட்டுக்கு வரவில்லை. ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது.

புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைப் பஸ்ஸில் சொல்லாதீர்கள். யாருக்கும் பிடிக்காது.

கீர்த்தி

பெருநகர்
22.12.2024

கீர்த்தி கண்ணு,

கடைசி அத்தியாயத்தைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் என்னை இறங்க விடுவார்களா?

ஐவி ஊருக்குத் திரும்ப முடிவு செய்து பெட்டியோடு படகுத்துறையில் நிற்கிறாள். ஆக்னஸ் கம்பளியைக் கொடுத்து, "குளிரும்" என்கிறாள். அவ்வளவுதான். எல்லோரும் ஏறியபிறகும் ஐவி ஏறாமல் நிற்கிறாள். ஆக்னஸும் நிற்கிறாள். அந்த இடத்தில் 'லிங்கர்' வருகிறது, பார்த்தாயா? பிறகு அவள் ஏறிவிடுகிறாள். படகு போய்விடுகிறது. அடுத்த பக்கம் வெறும் அட்டை.

பஸ்ஸில் ஒரே கூச்சல். "இன்னா பொம்பளை இவ! வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிக்கினு இருந்தா? இருடீன்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னா?" என்று தேவகி அக்கா குதித்தாள்.

"சொன்னா அந்தப் பொண்ணு கேக்கணுமேக்கா" என்றாள் சோபியா.

"கேக்குதோ கேக்கலியோ, அது அப்பால. இவ சொல்லணுமா இல்லியா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "எப்டி சொல்லுவா? இருன்னு சொன்னா, வூட்டு வேலைக்கு ஆளு வேணும்னு சொல்றான்னு பேசுவாங்க. போன்னு சொன்னா, தொரத்திட்டான்னு பேசுவாங்க. பெத்தவளா இல்லாதவ எதைச் சொன்னாலும் தப்பு. அதான் வாயை மூடிக்கினா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

ஆல்பர்ட் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "யாரு பேசுவாங்க? அந்தத் தீவுல மொத்தமே நாலு வூடுதானம்மா கீது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு மெஷினில் உட்கார்ந்தும் கை ஓடவில்லை. நம் தெருவிலும் எத்தனை வீடு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். அவர்களுக்காகவா நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

போன கடிதத்தில் எனக்கென்ன ஆட்சேபம் என்று எழுதினேனே, அது பொய். எனக்கு ஆட்சேபம் இருக்கிறது. நீ வாலாஜாபாத் போக வேண்டாம். இங்கே இரு. வேலைக்கு இல்லை, நான் ஒண்டியாகவே எல்லாம் செய்துகொள்வேன். துணைக்கும் இல்லை, எனக்குப் பயம் கிடையாது. உன்னோடு பேச எனக்குப் பிடித்திருக்கிறது. தபால்காரர் சைக்கிள் நம் வீட்டைத் தாண்டிப் போனால் அன்றைக்குச் சோறு இறங்குவதில்லை. உன் அம்மாவின் இடத்தை நான் கேட்கவில்லை. நீ இந்த வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். இதற்கப்புறமும் நீ போனால் கோபித்துக்கொள்ள மாட்டேன். அழுவேன். அழுதுவிட்டு, உன் மாமா வீட்டு விலாசத்துக்கு எழுதுவேன்.

சித்தி

காஞ்சிபுரம்
2.1.2025

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதத்தை வார்டன் சாப்பாட்டு நேரத்தில் கொடுத்தார். தட்டை அப்படியே வைத்துவிட்டு மாடிக்கு ஓடிவிட்டேன். கோபத்தில் இல்லை.

அந்தக் கடைசி அத்தியாயத்தை எத்தனை முறை படித்தாலும், இந்தத் தடவையாவது ஆக்னஸ் கூப்பிட்டுவிடுவாள் என்று எனக்குத் தோன்றும். அச்சடித்த புத்தகம் மாறாது என்று தெரியும். ஆனாலும் தோன்றும். ஆனால் தேவகி அக்காவிடம் இதையும் சொல்லுங்கள். ஐவியும்தான் வாயைத் திறக்கவில்லை. நான் இங்கேயே இருக்கட்டுமா என்று அவள் கேட்டிருக்கலாம். உங்களுக்கு ஆட்சேபம் இருக்காது என்று நான் எழுதியதே, இருக்கிறது என்று நீங்கள் பதில் போட வேண்டும் என்பதற்காகத்தான். நீங்கள் என்னவோ மழையைப் பற்றி எழுதினீர்கள்.

நான் வாலாஜாபாத் போகவில்லை. மாமாவிடம் நானே சொல்லிவிட்டேன். அவர் வருத்தப்பட்டார். மாமி அவ்வளவாக வருத்தப்படவில்லை. உத்திரமேரூரில் பயாலஜி குரூப் இருக்கிறதாம், பஸ்ஸிலேயே போய் வரலாம். மீன் குழம்பைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அது மனசில்லாமல் இல்லை. புளி அதிகம். இதை இரண்டு வருஷமாகச் சொல்ல நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஸ்பெஷல் கிளாஸ் என்று எழுதியதும் பொய். பதினொன்றாம் தேதி சனிக்கிழமை விடுதியை மூடுகிறார்கள். அப்பா அறுப்பை விட்டு வர மாட்டார். நீங்கள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வாருங்கள். கேட்டில் முத்துவேல் அண்ணன் என்று வாட்ச்மேன் இருப்பார், ரொம்பக் கறார். அப்பா, அம்மாவைத் தவிர யார் வந்தாலும் பெண்களை அனுப்ப மாட்டார். அத்தை, பெரியம்மா, சித்தி எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்.

நேற்றே அவரிடம், "சனிக்கிழமை எங்கம்மா வருவாங்கண்ணா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவரும் சரி பாப்பா என்றார். நீங்கள் வந்து நின்று, சித்தி என்று சொல்லி, என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

கீர்த்தி