என் பேஸ் பெட்டியும் அண்ணனின் மிக்சரும்

மார்ச் 4, செவ்வாய்

என் ஸ்பீக்கர் பெட்டியை அண்ணன் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒத்திகைக்குப் போனால், அது நிற்கும் மூலையில் வெறும் தரை. தூசி படியாத ஒரு சதுரம், அவ்வளவுதான்.

"வேன்ல பாதி எடத்த அதுவே அடைக்குது. உன் கிடார மிக்சர்ல குத்திக்கோ, ஹால் ஸ்பீக்கர்லயே வந்துடும்" என்றான், கீபோர்டு உறையை மடித்துக்கொண்டே. என் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூட இல்லை.

ஹால் ஸ்பீக்கரில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷமாக அவன் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறேன். அண்ணி பாடுவது வரும். அவன் கீபோர்டு வரும். டிரம்ஸ் வரும். நான் மட்டும் வரமாட்டேன். யார் சத்தம் எவ்வளவு வரவேண்டும் என்று வைக்கிற மிக்சர் அவன் கைக்கு எட்டுகிற இடத்தில்தானே இருக்கிறது. என் முதுகுக்குப் பின்னால் நின்ற அந்தப் பெட்டி ஒன்றுதான் மேடையில் எனக்கென்று இருந்த வாய். அதையும் கொடுத்தாயிற்று.

"சரி, நானே ஒண்ணு செஞ்சுக்கறேன்" என்றேன்.

சிரித்தான். அண்ணியும் சிரித்தாள். எங்கள் டிரம்மர் — குழுவில் எல்லோருக்கும் அவர் 'இடி'தான் — ஒரு குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டு கூரையைப் பார்த்தார்.

சிரிக்கட்டும்.

மார்ச் 6, வியாழன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் போட்டேன். நாள் முழுக்கக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவள் நான். என் கை அரை மில்லி பிசகினால் யாரோ ஒருவருக்குத் தலைவலி வரும். ஒரு மரப்பெட்டி செய்ய எனக்கு வராதா?

பத்தங்குல ஸ்பீக்கர் இரண்டு. உள்ளே எண்பது லிட்டர் காற்று. முன்பலகையில் அந்தக் காற்று வந்துபோக ஒரு குழாய். பெட்டி பெரிதாகிவிட்டால் ஒலி தொளதொளக்கும், சின்னதாகிவிட்டால் தொண்டை கட்டிக்கொள்ளும். இரண்டு நாளாகப் படித்ததில் இது புரிந்தது.

சாயங்காலம் பிளைவுட் கடை.

"அலமாரிக்கா மேடம்?"

"ஸ்பீக்கர் பெட்டிக்கு."

"வீட்டுக்காரர அனுப்புங்க, அவர்கிட்ட பேசிக்கறேன்."

"அவருக்குப் பிளைவுட்டுக்கும் பிஸ்கட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எங்கிட்டயே பேசுங்க."

ஆறு பலகைகளை மெஷினில் அறுத்துக் கொடுத்தார். அங்கேயே ஸ்கேலை எடுத்து அளந்தேன். ஒன்று மூன்று மில்லி குறைச்சல். "கண்ணுக்கே தெரியாதுங்க" என்றார். "எனக்குத் தெரியுது" என்றேன். வேறு பலகை அறுக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பலகைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது யோசித்தேன். அவர்மேல் கோபமா, அண்ணன்மேல் இருந்ததை அவர்மேல் இறக்கினேனா?

மார்ச் 9, ஞாயிறு

ஸ்பீக்கர் உட்கார வட்டம் வெட்டுவது இவ்வளவு கஷ்டமா! ஜிக்சா ரம்பம் தன் இஷ்டத்துக்கு ஓடியது. முதல் வட்டம் உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. அரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வழிக்குக் கொண்டுவந்தேன். இரண்டாவது நன்றாகவே வந்தது.

பலகையைப் பிடித்துக்கொள்ள இவரைக் கூப்பிட்டேன். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "சமையலறை அலமாரிக் கதவு மூணு வருஷமாத் தொங்குதே, அதுக்கெல்லாம் இந்த வேகம் வரலியே உனக்கு" என்றார்.

"அந்தக் கதவு என்னை அவமானப்படுத்தலையே" என்றேன்.

பலகையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷன்.

மார்ச் 15, சனி

ஒட்டியாயிற்று. மரப்பசையும் திருகுமாக ஒவ்வொரு மூலையும் இறுகிக் கிடக்கிறது. விலா மாதிரி உள்ளே குறுக்கே ஒரு கட்டை கொடுத்தேன். அது இல்லாவிட்டால் பலகையும் சேர்ந்து அதிரும்.

கையெல்லாம் பசை. கடையில் முதலாளி, "என்னம்மா, தோல் உரியுதா?" என்று கேட்டார். உரியத்தான் செய்கிறது.

மார்ச் 22, சனி

வாசித்துவிட்டேன்!

மதியம் மூன்று மணி. ஸ்பீக்கர்களைப் பொருத்தி, என்னிடமே இருந்த ஆம்ப்ளிஃபையரை மாட்டி, தடிமனான அந்த நாலாவது கம்பியைச் சும்மா ஒரு தட்டு. தரை வழியாக வந்து முழங்காலில் ஏறியது ஒலி. ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. பீரோவுக்குள் வளையல்கள் பேசின. பக்கத்து வீட்டம்மா ஓடிவந்து, "மோட்டார் ஏதாவது ஓடுதா?" என்றாள்.

"நான்தான்" என்றேன். பதினெட்டு வருஷத்தில் இப்படிச் சொல்ல எனக்கு ஒரு சந்தர்ப்பம் வந்ததே இல்லை.

ஒரு மணி நேரம் வாசித்தேன். அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

நாளை ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. கடைசிச் சோதனைக்காக வாசித்தபோது உள்ளே ஏதோ சரசரத்தது. இரண்டு ஸ்பீக்கரையும் கழற்றிப் பார்த்தால், உள்சுவரில் நான் ஒட்டியிருந்த பஞ்சு விரிப்பு ஒரு மூலையில் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தது. அதை ஒட்டிவிட்டு ஸ்பீக்கர்களை மறுபடி மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அண்ணன் போன் பண்ணினான்.

"நாளைக்கு அந்தப் பெட்டியத் தூக்கிட்டு வராத. மேடை சின்னது."

"வரும்."

"சொன்னாக் கேளு. நீ பண்ண பெட்டி நடுவுல மக்கர் பண்ணினா எனக்குத்தான் கெட்ட பேரு."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒயர்களை மாட்டியபடியே கத்தினேன். "என் பெட்டியே எனக்குப் போதும்! உன் மிக்சரே வேணாம்! அத நீயே கட்டிக்கிட்டு அழு!"

வைத்துவிட்டான். நானும் திருகை முடுக்கி முடித்தேன். அவ்வளவு கோபத்தில் மறுபடி ஒருமுறை வாசித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மார்ச் 29, சனி

எழுத வரவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

எழுதித்தான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

நேற்று விழாவில், முதல் பாட்டில் எனக்கு நானே கேட்கவில்லை. டக் டக் என்று கம்பியில் விரல் படுகிற சத்தம் வருகிறது, அடியில் ஒன்றுமில்லை. இரண்டாவது பாட்டிலும் அதேதான். ஆம்ப்ளிஃபையரில் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். ஒலி ஏதோ டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. மூன்றாவது பாட்டின் பாதியில் வாசிப்பதை நிறுத்திவிட்டு மிக்சரிடம் நடந்தேன். நான் நிறுத்தியது யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை! அதுதான் எனக்குள் எரிந்துகொண்டிருந்ததை ஊதிவிட்டது.

மிக்சரில் என் குமிழ் பூஜ்யத்தில் இருந்தது. குறைவாகக்கூட இல்லை, சுத்தமாக மூடியிருந்தது.

திருகினேன். அவன் கையைத் தட்டிவிட்டான். பக்கத்திலிருந்த மைக்கைப் பிடுங்கினேன். நானா அப்படிப் பேசினேன்? நான்தான். "இவன் ஒரு கள்ளன். பதினெட்டு வருஷமா என் சத்தத்தத் திருடுறான். நான் வாசிக்கிறத நீங்க யாரும் கேட்டதே இல்ல. இந்தப் பயலுக்குச் சொந்தத் தங்கச்சியே ஆகாது!"

முந்நூறு பேர். பாதிச் சாப்பாட்டில் இருந்தவர்கள்கூடக் கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அண்ணி தன் மைக்கைக் கட்டிப்பிடித்தபடி சிலையாக நின்றாள். அண்ணன் முகம் வெளுத்துப்போய், "வீட்டுக்குப் போ" என்றான். சத்தமே போடவில்லை.

பெட்டியை ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். நான் சொன்னதில் என்ன தப்பு? குமிழ் பூஜ்யத்தில் இருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேனே.

ஏப்ரல் 3, வியாழன்

அண்ணி போன் பண்ணினாள். "மைக்குல சொல்லணுமா? வீட்ல வந்து சொல்லியிருக்கலாமே" என்றாள். வீட்டில் சொன்னால் யார் கேட்டார்கள்?

ஏப்ரல் 7, திங்கள்

என் இடத்துக்கு ஆள் தேடுகிறார்களாம். தேடட்டும். யார் வந்தால் என்ன, அவர் சத்தமும்தான் யாருக்கும் கேட்கப்போவதில்லை.

ஏப்ரல் 12, சனி

இடி வந்தார். சமாதானம் பேச வந்தீர்களா என்று வாசலிலேயே கேட்டேன். "இல்லக்கா, பெட்டியப் பாக்க வந்தேன். எனக்கு எதுக்கு உங்க குடும்பச் சண்டை" என்றார்.

சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூலைகளைத் தடவினார். "கடையில வாங்கினது மாதிரியே இருக்கே" என்றார். அன்றைக்குப் பிறகு நான் அதைத் தொடவேயில்லை. அவருக்காக மாட்டி வாசித்தேன்.

அவர் தலையைச் சாய்த்தார். பெட்டியின் முன்னால் குந்தினார். எழுந்து சுவரோரம் போனார், திரும்பி வந்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இதுல அடிச்சத்தமே இல்லையே."

கோவித்துக்கொண்டேன். நீங்களும் அவன் ஆள்தானே என்றேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனபிறகு தனியாக இன்னொரு தடவை வாசித்தேன். ஜன்னல் அசையவில்லை. வளையல்கள் பேசவில்லை. இங்கே மிக்சரும் இல்லை, அண்ணனும் இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலையில் சதுர பேட்டரி ஒன்றை எடுத்துப் பெட்டிக்குப் போகும் ஒயரின் முனையில் தொட்டேன். ஸ்பீக்கர்கள் அசைவதைப் பார்க்க இது போதும். சரியாக மாட்டியிருந்தால் இரண்டும் ஒரே பக்கம் நகரவேண்டும்.

மேலே இருந்தது வெளியே வந்தது. கீழே இருந்தது உள்ளே போனது.

மறுபடி தொட்டேன். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. ஒன்று தள்ளுகிற காற்றை மற்றது இழுத்துக்கொள்கிறது. அடிச்சத்தம் எப்படி வரும்?

கீழ் ஸ்பீக்கரைக் கழற்றினேன். சிவப்பு ஒயர் கறுப்பின் இடத்தில், கறுப்பு சிவப்பின் இடத்தில். மாட்டியது என் கைதான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கத்தினேனே, அப்போதுதான்.

ஐயோ.

மாற்றி மாட்டினேன். ஒரு தட்டு. தரை அதிர்ந்தது. அன்றைக்கு வந்த சந்தோஷம் துளிகூட வரவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. ஒயரைச் சரிபண்ணியாயிற்று. குமிழ் பூஜ்யத்தில் இருந்தது உண்மை. அதை யாரும் மறுக்க முடியாது.

இதையே காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடையில் ஒரு லென்ஸைக் கெடுத்தேன். இவரிடம் எரிந்து விழுந்தேன். இப்போது யார்மேல் கோபப்படுவது? கோபம் இருக்கிறது, ஆனால் வைக்க இடம் இல்லை.

ஏப்ரல் 19, சனி

போனேன்.

கதவைத் திறந்த அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சண்டைக்கு வந்தியா, சமாதானத்துக்கு வந்தியா?"

"தெரியல அண்ணி."

"எதுவானாலும் உள்ள வந்து பண்ணு. வாசல்ல வேணாம்."

அண்ணன் மேசையில் ஒரு ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். உட்காராமலேயே சொன்னேன். "அன்னைக்கு என் பெட்டியில ஒயர மாத்தி மாட்டிட்டேன். ரெண்டு ஸ்பீக்கரும் ஒண்ணுக்கொண்ணு எதிரா அடிச்சிருக்கு. பெட்டியில சத்தம் வராததுக்கு நான்தான் காரணம்."

ஒயரைக் கீழே போட்டான். "முந்நூறு பேர் முன்னாடி என்னக் கள்ளன்னு சொன்ன."

"ஆமா."

"உன் மிக்சரே வேணாம், என் பெட்டியே போதும்னு சொன்னது யாரு? அதனாலதான் மூடி வெச்சேன். இருந்தும் என்னக் கள்ளன்னு சொன்ன! மைக்குல!"

நான் அப்படிச் சொன்னதையே மறந்துபோயிருந்தேன். "தப்புதான். மைக்குல பேசினதுக்கு என்னை மன்னிச்சுக்கோ" என்றேன். அப்புறமும் நிறுத்த முடியவில்லை. "ஆனா அது ஒரு நாள். மத்த நாளெல்லாம்? அதுக்கு நான் உன்ன மன்னிக்கல."

உள்ளேயிருந்து அண்ணி, "சொல்லித் தொலைங்களேன். எங்கிட்ட மட்டும் புலம்பி என்ன பிரயோஜனம்?" என்றாள்.

அண்ணன் இடது கையை மேசைமேல் வைத்தான். விரல்களை விரித்து மடக்கினான். கடைசி இரண்டு விரலும் மெதுவாக, மனமில்லாமல் மடங்கின.

"அஞ்சாறு வருஷமா இப்படித்தான். இடது கை தாளத்துக்குப் பின்னாடி விழுது. நீ சரியா வாசிக்கிற. உன் சத்தம் கேட்டா, நான் பின்னாடி விழறதும் கேக்கும். அதான் உன்னக் கொறச்சேன்."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"நரம்புங்கறாங்க. இவ்ளோதான் வரும்னுட்டாங்க."

அந்த விரல்களையே பார்த்தேன். ஆனாலும் கேட்டேன். "அஞ்சாறு வருஷம் சரி. அதுக்கு முன்னாடி?"

கீழே கிடந்த ஒயரை எடுத்துச் சுருட்டினான். பிறகு, "அதுக்கு முன்னாடி சும்மாதான். பழக்கம். தங்கச்சிதானே, என்ன சொல்லிடப்போறான்னு" என்றான்.

அந்த வார்த்தைக்கு அவனை அறைந்திருக்கலாம். விரலுக்காக அழுதிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. அண்ணி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இடியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பாதி டீ பாக்கி இருக்குக்கா" என்றார்.

ஏப்ரல் 26, சனி

"தங்கச்சிதானே." ஒரு வாரமாகியும் அந்த வார்த்தை போகமாட்டேன் என்கிறது.

மே 1, வியாழன்

அண்ணன் போன் பண்ணினான். ஆள் யாரும் சரியாகக் கிடைக்கவில்லையாம். பத்தாம் தேதி ஒரு திருமண வரவேற்பு. "வர்றியா?" என்று கேட்டான். 'வா' என்று சொல்லவில்லை, 'வர்றியா' என்று கேட்டான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நாலு நாள் காக்கவைக்கப்போகிறேன். வேண்டுமென்றேதான்.

மே 10, சனி

இப்போதுதான் வந்தேன். தோள் வலிக்கிறது. கோபம் முழுசாகப் போய்விட்டது என்று எழுதினால் பொய். வேனில் வரும்போதுகூட அவனோடு நாலு வார்த்தைக்குமேல் பேசவில்லை.

பெட்டி என் முதுகுக்குப் பின்னால் நின்றது. முதல் பாட்டிலேயே முன்வரிசையில் ஒரு பெரியவர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அண்ணி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தாள். இடி பல்லைக் காட்டினார்.

நான் அண்ணனையே பார்த்தேன். வலது கையால் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தான். கீழ் சுரம் எல்லாவற்றையும் எனக்கு விட்டுவிட்டான். கடைசிப் பாட்டுவரை அவன் இடது கை மடியிலேயே இருந்தது.