தேவகி ஆர்ட்ஸ் சார்

உத்திரமேரூர்

அன்பு மகள் பூஜாவுக்கு உன் நைனா எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் ஏதோ இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட் வெயிலில் நல்லபடியாக இருக்கவேண்டும். போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதனால்தான் தாளில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். மழை இல்லை, மோட்டார் மறுபடி ரிப்பேர், எனக்கு முழங்கால், அவளுக்குக் கழுத்து. இத்தனை வருஷம் அண்ணாந்து அண்ணாந்து கோயிலுக்கு வர்ணம் அடித்த கழுத்து, எந்தத் தைலத்துக்கும் கேட்கவில்லை. இதுதான் கடைசி, இதோடு போதும் என்றுதான் எல்லையம்மன் கோயில் கும்பாபிஷேக வேலையை ஒத்துக்கொண்டாள்.

இந்தப் பக்கத்தில் முதன்முதலில் சாரத்தில் ஏறிச் சாமிக்கு வர்ணம் அடித்த பெண்பிள்ளை அவள்தான். புடவைக்கு மேல் என் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறுவாள், கீழே வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் நிற்கும், கயிறு கட்டுவதும் கலர் கலக்குவதும் என் வேலை. ஆனால் கடைக்குப் பெண்டாட்டி பேர் வைப்பது ஊர்வழக்கம் ஆயிற்றே, போர்டில் தேவகி ஆர்ட்ஸ் என்று பார்த்தவர்கள் எல்லாம் என்னைத்தான் ஆர்ட்டிஸ்ட் என்று நினைத்துக்கொண்டார்கள், தேவகி ஆர்ட்ஸ் சார் என்றே கூப்பிட்டார்கள். இந்தத் தடவை கும்பாபிஷேகப் பத்திரிகையிலேயே அச்சடித்துவிட்டார்கள், ஓவியர் வேதாசலம் என்று, கூடவே என் போட்டோ. அதைப் பார்த்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை, சண்டையும் போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குத் தேவலை.

சாமிக்குக் கண் எழுதுவது கடைசியில்தானே. புடவை, நகை எல்லாம் முடித்துவிட்டு அம்மனுக்குக் கண் மட்டும் வைக்காமல் இறங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கும்பாபிஷேகம். விழாக்குழு எத்திராஜ் வீட்டுக்கே ஓடிவந்து, "வூட்டுக்காரரு பேரப் போட்டா இன்னாம்மா, ரெண்டும் ஒண்ணுதானே" என்றார். இவள், "ஒண்ணுதான்னா அவரே கண்ணு தொறக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அரிசி களைய உள்ளே போய்விட்டாள். எத்திராஜ் என் கையைப் பார்த்தார். நான் எழுதினால் இரண்டு கண்ணும் மூக்கைத்தான் பார்க்கும். அவர் போய் மைக்கில் திருத்திச் சொல்லச் சொல்லியிருக்கிறார், நேற்று சாயங்காலம் ஊர் முழுக்கக் கேட்டது, ஓவியர் வேதாசலம் அவர்களுக்கு அவர் துணைவியாரும் உதவியாக இருந்தார் என்று. அவள் சிரித்தாள், பூஜா. அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போய் மைக்கை வாங்கி, "எனக்கு வரையத் தெரியாதுபா, சாமி மொத்தமும் அவ எழுதினது, நான் கலர் கலக்குறவன்" என்று சொல்லிவிட்டேன். பாதிப்பேர் சிரித்தார்கள், எத்திராஜுக்கு முகம் சுண்டிவிட்டது. இன்றைக்குக் காலையில் பார்த்தால் என் பழைய சட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

இதைச் சாரத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஒரு கண் முடிந்தது. நீ போன் பண்ணினால் கழுத்தைப் பற்றி மட்டும் கேள், டாக்டரிடம் போகச் சொல், என் பேச்சை எங்கே கேட்கிறாள். மாப்பிள்ளையை வெயிலில் அலையவேண்டாம் என்று சொல். எல்லையம்மன் உங்கள் இரண்டு பேரையும் நல்ல கண்ணால் பார்க்கட்டும். மேலிருந்து கறுப்பு கேட்கிறாள், போகிறேன்.

இப்படிக்கு,
தேவகி ஆர்ட்ஸில் கலர் கலக்கும்
வேதாசலம்