‘குடைக்காரி’யைப் புகழ் மண்டபத்தில் சேர்ப்பதற்கு ஆட்சேபம்

அனுப்புநர்:
‘சுமைதூக்கி’ வீடியோ கேமை உருவாக்கிய புரோகிராமர் (பணி ஓய்வு),
தையல் கடைக்கு மேல்மாடி,
கடிகாரம் பழுதுபார்ப்பவர் வீட்டுக்கு எதிரில்.

பெறுநர்:
தேர்வு அலுவலர் அவர்கள்,
பழம்பெரும் வீடியோ கேம்களுக்கான புகழ் மண்டபம்,
மைய நூலகக் கட்டடம், இரண்டாம் தளம்.

பொருள்: இவ்வாண்டுக் கௌரவத்துக்கு ‘குடைக்காரி’ தேர்வு செய்யப்பட்டதற்கு ஆட்சேபம் தெரிவித்தல், ‘சுமைதூக்கி’யை மறுபரிசீலனை செய்யக் கோருதல், இருக்கை ஒன்று வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். தணியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

1. தங்கள் மண்டபம் ஆண்டுக்கு ஒரு பழைய வீடியோ கேமைத் தேர்ந்தெடுத்து, அதன் பெயரைச் சுவரில் பதித்து, அதன் முதல் இயந்திரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கௌரவித்து வருகிறது. இவ்வாண்டு இறுதிச் சுற்றுக்கு வந்தவை இரண்டு. ஒன்று, நான் உருவாக்கிய ‘சுமைதூக்கி’. மற்றொன்று ‘குடைக்காரி’. தாங்கள் ‘குடைக்காரி’யைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். பெயர்ப்பலகை சுவரில் ஏறும்வரை யாரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று தங்கள் அறிவிப்பே சொல்வதால் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறேன்.

2. ‘குடைக்காரி’யை உருவாக்கியவர் என் மூத்த சகலை, அதாவது என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். இதை நான் மறைத்தால் வேறு யாராவது தங்கள் காதில் ஓதிவிடுவார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பெண் பார்த்துக் கொடுத்தவரும் அவர்தான். அதற்கு நன்றி சொல்ல இது இடமல்ல. பொறாமையில் எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். பொறாமைதான், ஐயா. வயிறு எரிகிறது. ஆனால் வயிறு எரிகிறவன் சொல்வதெல்லாம் பொய்யாகிவிடாது என்பதையும் தயவுசெய்து கருத்தில் கொள்ள வேண்டும்.

3. தேர்வுக் குழுவில் சிலர் இளையவர்கள். இரண்டையும் அவர்கள் முழுமையாக ஆடியிருப்பார்களா என்ற ஐயம் இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘சுமைதூக்கி’யில் நீங்கள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கப்பல் கிளம்புவதற்குள் பெட்டிகளைச் சரியாக அடுக்க வேண்டும். காற்று வீசும், கயிறு ஆடும், பெட்டியின் எடைக்கு ஏற்றபடி ஆட்டம் கூடும், குறையும். அந்த ஆட்டத்தைக் கணக்கிட்டு எழுதியவன் நான். பின்னால் வந்த எத்தனையோ கேம்களில் கயிறு ஆடுவதைத் தாங்கள் பார்த்திருக்கலாம். அவையெல்லாம் எங்கிருந்து வந்தன என்று நான் சொல்லத் தேவையில்லை.

‘குடைக்காரி’யில் ஒரு பெண் குடையோடு பஸ் நிறுத்தத்துக்கு வருவார். அங்கே நிற்பவர்களை ஒவ்வொருவராக நனையாமல் வீட்டில் கொண்டுபோய் விடுவார். அவ்வளவுதான். வேறொன்றும் கிடையாது.

4. இவ்வளவு எளிய கேமிலும் பிழைகள் உண்டு. மழை நேர்க்கோட்டில் மட்டுமே விழுகிறது. காற்று என்ற ஒன்றே இல்லை. இரண்டாவது தெருவில் குடை விளக்குக் கம்பத்துக்குள் புகுந்து மறுபக்கம் வருகிறது. அதைச் செய்து பார்ப்பதற்கென்றே பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தங்கள் தேர்வுக் குறிப்பில் இதை ‘மனத்தைக் கவரும் குறும்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அது குறும்பல்ல, பக்; புரோகிராமில் விழுந்த ஓட்டை. எங்கள் பழைய அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். என் கேமில் பக் கிடையாது. பக் இல்லாததற்காக யாரும் கைதட்ட மாட்டார்கள் என்பது எனக்கு இந்த வயதில்தான் புரிகிறது.

5. நாங்கள் இருவரும் ஒரே நிறுவனத்தில், அடுத்தடுத்த அறைகளில் வேலை பார்த்தோம். நடுவில் பிளைவுட் தடுப்பு. நான் முதலில் சேர்ந்தவன். அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனதே நான்தான். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அலுவலகம் மொத்தமும் அவர் அறையில்தான் டீ குடித்தது. முதலாளி என் அறைக்கு வந்தால் நின்றபடியே பேசிவிட்டுப் போவார்; அவர் அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். அந்த நாற்காலியும் பெரும்பாலும் என் அறையிலிருந்து போனதாகவே இருக்கும்.

6. இப்போது பொதுக்கருத்துக் கூட்டத்துக்கு வருகிறேன். இறுதி முடிவுக்கு முன் ஆட்டக்காரர்கள் யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பேசலாம் என்று தாங்கள் நடத்திய கூட்டம் அது. நான் கடைசி வரிசையில் இருந்தேன். ‘சுமைதூக்கி’க்காகப் பேச ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் வந்தார். கயிற்றின் ஆட்டத்தைப் பற்றி மிகச் சரியாகப் பேசினார். பாதி அரங்கம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்து ‘குடைக்காரி’க்காகப் பேசக் கை தூக்கியவர் என் மனைவி. அவள் கை தூக்கப் போகிறாள் என்பது எனக்குத் தெரியாது.

அவள் பேசியது தங்கள் ஒலிப்பதிவில் இருக்கும். இருந்தாலும் எனக்கு மனப்பாடமாகிவிட்டதால் எழுதுகிறேன்:

“தையல் கடைய மூடிட்டு வீட்ல உக்காந்திருந்த நேரம். பாத்தவங்க எல்லாம் ஏன் மூடினே, எதுக்கு மூடினேன்னு கேட்டாங்களே ஒழிய, மறுபடி தொறன்னு ஒருத்தரும் சொல்லல. இந்த கேம்தான் சொல்லுச்சு. இதுல தோத்துட்டா அந்தப் பொண்ணு குடைய மடக்கி உதறிட்டு, ‘நனைஞ்சா என்ன, காஞ்சுடும். மறுபடி வாங்க’ன்னு சொல்லும். அதக் கேக்குறதுக்காகவே நான் தோத்திருக்கேன்.”

அந்த ‘ஒருத்தரும்’ என்பதில் நானும் அடக்கம், ஐயா. கடை மூடியிருந்த அந்த நாட்களில் நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். எந்தெந்த இடத்தில் தவறு செய்தாள் என்று படம் போட்டு விளக்கினேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, பிறகு உள்ளே போய் அவளுடைய மாமா, அதாவது என் சகலை, எழுதிய கேமைப் போட்டுக்கொண்டாள்.

7. அரங்கம் அவளுக்குக் கைதட்டி ஓய்வதற்குள் என் சகலை எழுந்தார்.

“அந்த வரி என்னோடது இல்லீங்க,” என்றார். “அதோ, கடைசி வரிசைல மூஞ்சிய உம்முனு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, என் சகலை, அவர் சொன்னது. அவர் மட்டும் சொல்லலேன்னா நான் ‘ஆட்டம் முடிந்தது’ன்னு போட்டுட்டுப் போயிருப்பேன்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்தார்கள். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். எனக்கா? இல்லை. உண்மையை ஒளிக்காமல் சொன்ன அவருக்கு. வரி என்னுடையது, நல்ல பெயர் அவருடையது. அதை அவர் மறைத்துத் தொலைத்திருந்தால் எனக்கு நியாயமான ஒரு புகாராவது மிஞ்சியிருக்கும். அதையும் விட்டுவைக்கவில்லை. என் மனைவியின் அக்கா வேறு வெளியே வரும்போது என் தோளைத் தட்டி, “தம்பி, நீங்களும் பெரிய ஆளுதான்” என்றார். தோற்ற பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பதுபோல இருந்தது.

8. அந்த வரி வந்த கதையையும் பதிவு செய்ய விரும்புகிறேன். எங்கள் நிறுவனத்தில் ‘எதிராட்டம்’ என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் எழுதி முடித்த கேமைப் பக்கத்து அறைக்காரர் கடைசிவரை ஆடி, சரி என்று சொன்னால்தான் அது வெளியே போகும். யாருக்கு அந்த கேம் பிடிக்காதோ அவரிடமே அதைக் கொடுப்பார் முதலாளி. அப்படித்தான் ‘குடைக்காரி’ என்னிடம் வந்தது.

எளிதாக முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. பஸ் நிறுத்தத்தில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், நான் நனைத்துக்கொண்டே இருந்தேன். தோற்கும்போதெல்லாம் திரையில் ‘ஆட்டம் முடிந்தது’ என்று வரும், கூடவே ஒரு சிறிய இசை. அந்த இசை கேட்டால் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் கிளுகிளுவென்று சிரிப்பார். அன்றைக்கு ஒரு கட்டத்தில் நான் எழுந்து போய் அவர் மேசையைத் தட்டி, “தோத்தவன இப்படியா தொரத்துறது? நனைஞ்சா என்ன, காஞ்சுடும், மறுபடி வாங்கன்னு சொன்னா உங்க வாய்ல இருக்குற முத்து உதுந்துடுமா?” என்று கத்தினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே அதை அப்படியே டைப் செய்துவிட்டார்.

ஆகவே, என் மனைவி கேட்ட அந்த ஆறுதலில் கருணை ஏதும் இல்லை. முழுக்கக் கடுப்பு. அவரிடம் தோற்பது எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

‘சுமைதூக்கி’க்கு எதிராட்டம் ஆடியவர் அவர். அதில் தோற்றால் மேஸ்திரி வருவார். கேட்டைக் கைகாட்டி, ‘வேலை போச்சு. கிளம்பு’ என்பார். என் சகலை அதைப் பார்த்துவிட்டு, “கறாரான ஆளுய்யா நீ” என்று மட்டும் சொல்லி ஒப்புதல் கொடுத்துவிட்டார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

9. கூட்டம் முடிந்து பஸ்ஸில் திரும்பினோம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த என் மனைவி, குத்திக்காட்டும் குரலில் அல்ல, உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவள்போல என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“அப்ப ஏங்க அத உங்க கேம்ல போடல?”

“மெஷின்ல மெமரி பத்தல,” என்றேன்.

நாங்கள் இறங்கும்வரை அவள் தெருவைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஐயா, மெமரி இருந்தது. அவளிடம் சொல்ல வாய் வராத காரணத்தை முன்பின் அறியாத தங்களிடம் எழுதுகிறேன். என் கேமில் நான் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. எந்தக் காற்றுக்குக் கயிறு எந்தப் பக்கம் போகும் என்பது எனக்கு அத்துப்படி. மேஸ்திரியை நான் நேருக்கு நேர் சந்தித்ததே இல்லை. அந்தத் திரைக்கு முன்னால் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், அவளுக்கு ஒரு வார்த்தை தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த அறைக்காரரிடம் தோற்றபோதுதான் தோன்றியது. அந்த வார்த்தையை அவர் மேசையிலேயே விட்டுவிட்டும் வந்துவிட்டேன்.

10. இதனால் என் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று தாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. என் கோரிக்கைகள்:

(அ) ‘குடைக்காரி’யின் தேர்வை ரத்து செய்து, கணக்கிலும் கட்டமைப்பிலும் எல்லா வகையிலும் சிறந்த ‘சுமைதூக்கி’யைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

(ஆ) அது இயலாது என்றால், தேர்வுக் குறிப்பில் விளக்குக் கம்பத்தைப் பற்றிய பாராட்டையாவது நீக்க வேண்டும். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

(இ) இதுவும் இயலாது என்றால், விழாவன்று என் இருக்கையை மாற்றித் தர வேண்டும். கூட்டத்தில் பேசியவர் என்ற முறையில் என் மனைவிக்கு முதல் வரிசையில், சகலைக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். எனக்கு வந்திருப்பது பால்கனி அனுமதிச் சீட்டு. அவளுடைய மறுபக்கத்து நாற்காலியை எனக்குத் தருமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். பெயர்ப்பலகையின் திரை விலகும்போது அவள் எழுந்து நின்று கைதட்டுவாள். அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நான் கைதட்டுவேன் என்று உறுதியளிக்க முடியவில்லை. அவள் எழுந்தால் நானும் எழுந்து நிற்பேன். அதற்கு மேல் அன்றைக்கு என்ன முடிகிறதோ, பார்த்துக்கொள்கிறேன்.

ஆவன செய்வீர்கள் என்ற நம்பிக்கையுடன்,

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
‘சுமைதூக்கி’யின் புரோகிராமர்

இடம்: என் மனைவியின் தையல் கடை, துணி வெட்டும் மேசை, கடை திறந்திருக்கும் நேரம்
நாள்: முடிவு வெளியானதற்கு அடுத்த வாரம், வியாழக்கிழமை